இளங்கொடி எங்கே இருக்கிறது?

காரவள்ளியில் சமவெளி முடிந்துவிடுகிறது. அங்கிருந்து சோளக்காடு வரை எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை நிற்கிறது. நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் வழியாகக் கொல்லிமலைக்கு ஏறும் பேருந்தில் அண்மையில் நாம் சென்றபோது, முப்பதாவது பலகையைத் தாண்டுவதற்குள் பேருந்தில் பேச்சொலி அடங்கிவிட்டது. பாதிப்பேர் கண்களை மூடிக்கொண்டனர். மலைக்குப் புதியவரான நாம் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டிருந்தோம்.

நமக்கு முன்னிருந்த இருக்கையில் எட்டாம் மாதக் கர்ப்பிணி ஒருவர் மாமியாரின் தோளில் சாய்ந்து அமர்ந்திருந்தார். மாமியாரின் மடியில் ஒரு மஞ்சள் பை. அதிலிருந்து ஸ்கேன் படத்தின் கறுத்த விளிம்பு நீட்டிக்கொண்டிருந்தது. கீழே ஒரு மருத்துவமனையில் படம் எடுத்துவிட்டு ஊர் திரும்புகிறார்கள். அறிக்கை ஆங்கிலத்தில் இருந்தது. அதை அவர்களுக்கு எவரும் படித்துச் சொல்லவில்லை. "பத்திரமா இருங்க, வலி வந்தா வாங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். "எழுதியிருக்கிறது என்னான்னு பாத்துச் சொல்றீங்களா?" என்று அந்த மாமியார் நம்மிடம் நீட்டினார்.

நாம் மருத்துவர் அல்லோம். ஆயினும் அறிக்கையின் கடைசி இரண்டு வரிகள் நமக்கே விளங்கின. முதற்பேறு அறுவையால் நிகழ்ந்தது. இப்போது நஞ்சுக்கொடி கருப்பையின் வாயை முழுதும் மூடி அமைந்திருக்கிறது. கருவின் வயது 32 வாரம்.

வலி வந்தால் வரவேண்டியவர் அல்லர் அவர். வலி வரும்வரை மலைமேல் காத்திருக்கவே கூடாதவர்.

நஞ்சுக்கொடியை நம் பாட்டிமார் இளங்கொடி என்றனர். குழந்தை பிறந்து சில நிமிடங்களில் அது தானே கழன்று வெளிவர வேண்டும். வராமல் உள்ளே தங்கினால் தாயின் உயிருக்கே நஞ்சாகும் என்பதால்தான் நஞ்சு என்ற பெயர் வந்ததோ என்று நமக்குத் தோன்றுவதுண்டு. குழந்தை வயிற்றிலிருக்கும் காலத்தில் அதைப்போல நன்மை செய்யும் உறுப்பு வேறில்லை. ஏறத்தாழ அரைக் கிலோ எடையுள்ள, அடைபோலத் தட்டையான அந்தச் சதைப்பகுதியே குழந்தைக்கு நுரையீரலாகவும் இரைப்பையாகவும் சிறுநீரகமாகவும் உழைக்கிறது. நிறைமாதத்தில் நிமிடத்திற்கு அரை லிட்டருக்கும் மேற்பட்ட தாயின் குருதி கருப்பைக்குப் பாய்கிறது. அதில் பெரும்பகுதி இந்த அடைக்குத்தான் செல்கிறது. அங்கே ஒரு மூலை கிழிந்தால் எவ்வளவு விரைவில் எவ்வளவு குருதி போய்விடும் என்பதை வாசகர்கள் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

பெரும்பாலான தாய்மாருக்கு இளங்கொடி கருப்பையின் மேற்பகுதியில் ஒட்டி வளர்கிறது. சிலருக்குக் கீழ்ப்பகுதியில் ஒட்டிக்கொள்கிறது. நிறைமாதத்தை எட்டும் ஏறத்தாழ இருநூறு பேரில் ஒருவருக்கு அது குழந்தை வெளிவர வேண்டிய வாயிலையே மறைத்து நிற்கிறது. பேற்றுக்கு முந்தைய வாரங்களில் கருப்பையின் கீழ்ப்பகுதி மெலிந்து விரிகிறது. இளங்கொடிக்கோ அவ்வாறு விரியும் தன்மை இல்லை. எனவே ஒட்டிய இடத்திலிருந்து சற்றே பிய்கிறது, குருதி கசிகிறது. சிவந்த, புதிய குருதி. வலி சிறிதும் இராது. முதல்முறை பெரும்பாலும் தானே நின்றுவிடும். அடுத்த முறை நிற்கும் என்பதற்கு எவரும் பொறுப்பேற்க முடியாது.

பேருந்தில் நாம் மெல்ல விசாரித்தோம். பதினைந்து நாட்களுக்கு முன் ஒருமுறை சேலை நனைந்ததாம். "வலியே இல்லீங்க. உடம்புச் சூடுன்னு வெந்தயம் ஊறப்போட்டுக் குடுத்தேன், நின்னு போச்சு. வலி இல்லாத ரத்தத்துக்கு எதுக்குங்க பெரியாஸ்பத்திரி?" என்றார் மாமியார். அந்த அம்மாளைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. வலியை அபாயத்தின் அடையாளமாகக் கொள்வது மனித இயல்பு. நகரத்தில் படித்தவர்களும் அப்படித்தான் நடந்துகொள்கிறார்கள். கர்ப்ப காலத்தில் வலியின்றிக் காணும் குருதியும் அஞ்சத்தக்கது என்பதை எந்தப் பாட்டியும் நமக்குச் சொல்லித் தந்ததில்லை.

கண்ணுக்குத் தெரியாததைக் கண்ட கதை

உடலுக்குள் இருக்கும் இளங்கொடியின் இடத்தை வெளியிலிருந்து அறிவது எப்படி என்பது மருத்துவர்களை நெடுங்காலம் வாட்டிய வினா. விரலால் தொட்டுப் பார்க்கலாமே என்று எண்ணத் தோன்றும். அதுதான் கூடாது. கருப்பையின் வாயை மூடியுள்ள இளங்கொடியில் விரல் பட்டால் மடை திறந்தாற்போலக் குருதி பெருகும். ஆகவே அக்காலத்து மருத்துவர்கள் அறுவை அரங்கில் கத்தி, மயக்க மருந்து, ஏற்றுவதற்கான குருதி யாவற்றையும் ஆயத்தமாக வைத்துக்கொண்டுதான் விரல் சோதனையே செய்தனர். பெருகினால் அந்தக் கணமே வயிற்றைத் திறக்க வேண்டும் அல்லவா?

எக்ஸ் கதிரால் முயன்றவர்களும் உண்டு. ஆனால் எக்ஸ் கதிர் எலும்பைக் காட்டும் அளவுக்கு மென்சதையைக் காட்டுவதில்லை. 1934-இல் அமெரிக்க மருத்துவர்கள் ஓர் உபாயம் கண்டனர். தாயின் சிறுநீர்ப்பையை எக்ஸ் கதிரை மறைக்கும் கரைசலால் நிரப்பிப் படம் எடுத்து, அதன் நிழலுக்கும் குழந்தையின் தலைக்கும் இடையே எவ்வளவு இடைவெளி என்று அளந்தார்கள். இடைவெளி பெரிதாக இருந்தால் நடுவே இளங்கொடி இருக்கிறது என்று ஊகம். பின்னர்க் கதிரியக்கம் ஏற்றிய புரதத்தைத் தாயின் குருதியில் செலுத்தி, வயிற்றின்மேல் கருவியை வைத்து, எங்கே கதிர் மிகுதி என்று தேடும் முறையும் வந்தது. 1956-இலும் 1958-இலும் ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த ஆலிஸ் ஸ்டூவர்ட் என்னும் பெண் மருத்துவர், கருவிலிருக்கும்போது எக்ஸ் கதிர் பட்ட குழந்தைகளிடையே புற்றுநோய் மிகுதியாகக் காணப்படுவதை வெளியிட்டார். முதலில் அவரை நம்ப மறுத்தவர்கள் பலர். அவர் கண்டது சரி என்பதைக் காலம் மெய்ப்பித்தது.

தாய்க்கும் சேய்க்கும் தீங்கு செய்யாத ஒரு வழி, எவரும் எதிர்பாராத திக்கிலிருந்து வந்தது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் மகப்பேறு மருத்துவப் பேராசிரியராக இருந்தவர் இயான் டொனால்டு. இரண்டாம் உலகப்போரில் விமானப் படையில் பணியாற்றியவர். கடலடியில் மறைந்திருக்கும் நீர்மூழ்கியை ஒலியலை அனுப்பி, அதன் எதிரொலியால் கண்டுபிடிக்கும் முறையை அறிந்திருந்தார். உலோகத்திற்குள் மறைந்திருக்கும் விரிசலைக் காண அதே முறையைத் தொழிற்சாலைகளிலும் கையாண்டனர். 1955 ஜூலையில், அறுவையில் அகற்றிய கட்டிகளைத் தம் காரில் ஏற்றிக்கொண்டு, கொதிகலன் செய்யும் ஒரு தொழிற்சாலைக்கே போய்விட்டார் டொனால்டு! ஒப்பிட்டுப் பார்க்க அங்கே ஒரு பெரிய மாட்டிறைச்சித் துண்டும் வைத்திருந்தார்களாம். நீர்நிறைந்த கட்டி ஒருவிதமாகவும், கெட்டியான கட்டி வேறுவிதமாகவும் எதிரொலித்தன. டாம் பிரவுன் என்ற இளம் பொறியாளர் அவருடன் சேர்ந்தார். 1958 ஜூனில் அவ்விருவரும் மருத்துவர் ஜான் மக்விக்கரும் கூடி எழுதிய கட்டுரை 'லான்செட்' இதழில் வெளிவந்தது. தேறாத வயிற்றுப் புற்று என்று கைவிடப்பட்ட ஒரு பெண்மணியின் வயிற்றில் இருந்தது நீர்க்கட்டியே என்று அந்தக் கருவி காட்ட, அறுவைக்குப்பின் அவர் நலமுற்றதும் அக்கால நிகழ்ச்சியே.

டொனால்டு நம் திருச்சபையைச் சேர்ந்தவர் அல்லர். ஆயினும் உறுதியான கிறிஸ்தவர். பிரிட்டனில் கருக்கலைப்பைச் சட்டபூர்வமாக்கிய 1967-ஆம் ஆண்டுச் சட்டத்தை வெளிப்படையாக எதிர்த்தவர்களுள் அவரும் ஒருவர் என்பதை நம் வாசகர்கள் அறிந்துகொள்ளலாம்.

இளங்கொடியின் இடத்தை இந்தக் கருவியால் காணலாம் என்பதை 1966-இல் அமெரிக்காவின் டென்வர் நகர மருத்துவர் கோட்ஸ்ஃபெல்டும் அவர்தம் குழுவினரும் வெளியிட்டனர். 1968-இல் டொனால்டும் அப்துல்லா என்னும் மருத்துவரும் தம் கண்டுபிடிப்பை வெளியிட்டனர். அதன்பின் விரைவிலேயே கதிரியக்க முறைகள் வழக்கொழிந்தன.

ஸ்கேன் என்று நாம் இன்று சொல்லும் சோதனை இதுதான். மனிதச் செவிக்கு நொடிக்கு 20,000 அதிர்வுகள் வரையே கேட்கும். வயிற்றின்மேல் வைத்து நகர்த்தும் கைக்கருவியோ நொடிக்கு 20 இலட்சம் முதல் 50 இலட்சம் வரை அதிர்வுகளை அனுப்புகிறது. கொல்லிமலையின் பள்ளத்தாக்கை நோக்கி ஒருவரை உரக்க அழைத்தால் எதிர்மலை திருப்பிச் சொல்லும். எவ்வளவு நேரம் கழித்துத் திரும்புகிறது என்பதைக் கொண்டு அந்த மலையின் தொலைவைக் கூறிவிடலாம். அதே கணக்கை நொடியில் பல்லாயிரம் முறை போட்டுப் படமாக வரைகிறது அந்தப் பொறி. எக்ஸ் கதிர் இதில் இல்லை. டாப்ளர் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். வளைவில் எதிரே வரும் பேருந்தின் ஊதல் நெருங்கும்போது உயர்ந்தும், கடந்தபின் தாழ்ந்தும் கேட்கிறதல்லவா? அந்த வேறுபாட்டைக் கொண்டு குருதி எப்பக்கம், எவ்வளவு விரைவாக ஓடுகிறது என்று வண்ணத்தில் காட்டும் முறை அது.

படம் சொல்வதும் சொல்லாததும்

மலைக்கு ஏறியதும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணிபுரியும் செவிலியர் ஒருவரைச் சந்தித்தோம். அந்தக் கர்ப்பிணியும் மாமியாரும் நம்முடனேயே வந்தனர். அறிக்கையைப் படித்ததும் செவிலியரின் முகம் மாறியது. ஆயினும் பதற்றத்தைக் காட்டாமல், "இருபதாவது வாரத்துல எடுத்த பழைய படம் இருக்காம்மா?" என்று கேட்டார். அது வீட்டில் அரிசிப் பானைக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறதாம்.

பழைய படத்தை ஏன் கேட்கிறார்கள் என்பதை நம் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஐந்தாம் மாதத்தில் எடுக்கும் ஸ்கேனில் "நஞ்சு கீழே இருக்கிறது" என்று பலருக்கும் எழுதித் தருகிறார்கள். உடனே வீட்டில் அழுகையும் நேர்ச்சையும் தொடங்கிவிடுகின்றன. அஞ்சவேண்டியதில்லை. அத்தகையவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு நிறைமாதம் நெருங்குவதற்குள் அது மேலே போய்விடும். இளங்கொடி நடந்து செல்வதில்லை. கருப்பையின் கீழ்ச்சுவர் வளர்ந்து நீளுவதால் வாயிலுக்கும் அதற்கும் இடையே தூரம் கூடுகிறது. ஆகையால் 32-ஆம் வாரத்தில் மறுபடியும் பார்க்கிறார்கள். தேவையானால் 36-இலும் பார்ப்பார்கள். இளங்கொடியின் விளிம்பு வாயிலிலிருந்து இரண்டு சென்டிமீட்டருக்குள் இருந்தால் கவனம் தேவை. வாயிலை மூடியிருந்தால் அறுவை ஒன்றே வழி. முதற்படத்தைக் கண்டு கலங்குவோர் பலர், இரண்டாம் படத்துக்குப் போகாமலே இருந்துவிடுவோரும் பலர். இந்த இரண்டாம் குற்றமே பெரிது என்போம்.

இன்னொரு சிறு செய்தி. சிறுநீரை அடக்கிக்கொண்டு வரச் சொல்கிறார்கள் என்று வயிறு வெடிக்குமளவு தண்ணீர் குடித்துவிட்டு எழுபது வளைவுகளில் இறங்கும் பெண்களின் பாட்டை அந்தச் செவிலியர் சிரிப்பும் வருத்தமுமாகச் சொன்னார். சிறுநீர்ப்பை அளவுமீறி நிறைந்தால் கருப்பையின் கீழ்ப்பகுதியை அது அழுத்தி, மேலே உள்ள இளங்கொடியையும் கீழே இருப்பதுபோல் காட்டிவிடும் என்பதும் உண்மை. ஐயம் இருந்தால் பிறப்பு வழியாகச் சிறு கருவியைச் செலுத்திப் பார்ப்பர். பெண்கள் கூச்சப்படுகிறார்கள், மாமியார்கள் மறுக்கிறார்கள். விரலைப்போல அது வாயிலுக்குள் நுழைவதில்லை, முன்னரே நின்றுவிடுகிறது. அதனால் குருதி பெருகும் என்ற அச்சம் வேண்டாம். அளவு சரியாகத் தெரிவது அந்த முறையில்தான்.

நம் கர்ப்பிணியின் நிலையில் செவிலியரை உண்மையில் கலங்கவைத்தது வேறொன்று. முதற்பேறு அறுவையால் நிகழ்ந்தது என்றோம். பழைய தழும்பின்மேல் இளங்கொடி ஒட்டினால், அது மேலோடு நிற்காமல் வேர்போல ஆழமாகச் சதைக்குள் ஊன்றிக்கொள்வதுண்டு. 1937-இலேயே அமெரிக்க மருத்துவர்கள் இர்விங், ஹெர்ட்டிக் ஆகியோர் இதை விரிவாக எழுதியுள்ளனர். பேற்றின்பின் அது கழலாது. பிய்த்தால் குருதி நிற்காது. பலவேளைகளில் கருப்பையையே அகற்றினால்தான் தாய் பிழைப்பாள். 2006-இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வொன்றின்படி, வாயிலை மறைத்த இளங்கொடி உடையோரில், முன்பு அறுவை ஏதும் செய்யாதவருக்கு இவ்வாறு ஊன்றும் வாய்ப்பு 100-க்கு 3; ஒருமுறை செய்தவருக்கு 11; இருமுறை செய்தவருக்கு 40; மும்முறை செய்தவருக்கு 61.

இந்த எண்களைத் தமிழ்நாட்டில் நாம் நிதானித்துப் படிக்க வேண்டும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி நம் மாநிலத்தில் நிகழும் பேறுகளில் ஏறத்தாழ 45 விழுக்காடு அறுவையால் நிகழ்கின்றன. அவற்றுள் உயிர் காத்தவை எத்தனையோ. நல்ல நாள், நட்சத்திரம் என்று குறித்துச் செய்தவையும் உண்டு. வலிக்கு அஞ்சிக் கேட்டுப் பெற்றவையும் உண்டு. முதல் அறுவைக்கு ஒப்புதல் கையெழுத்திடும்போது இரண்டாம் மூன்றாம் குழந்தையின் இளங்கொடியை எவரும் நினைப்பதில்லை.

ஊன்றிய இளங்கொடியையும் ஸ்கேன் பெரும்பாலும் காட்டிவிடும். கருப்பைச் சுவருக்கும் இளங்கொடிக்கும் இடையே இருக்கவேண்டிய மெல்லிய கருங்கோடு காணாமற் போயிருக்கும். கறையான் அரித்த பலகைபோல உள்ளே குழிகள் தெரியும். டாப்ளரில் சிறுநீர்ப்பையை ஒட்டிக் குருதிக்குழாய்கள் பின்னிக் கிடக்கும். இளங்கொடி பின்புறச் சுவரில் இருந்தாலோ, எவ்வளவு ஆழம் என்று அறியவேண்டினாலோ எம்.ஆர்.ஐ. படம் துணைசெய்யும். ஸ்கேன் தேர்ந்த கண்ணால் பார்க்கப்பட்டிருந்தால், எல்லாருக்கும் அந்த இரண்டாம் படம் தேவைப்படாது.

தொப்புள்கொடியின் குருதிக்குழாய்கள் காப்பின்றி வாயிலுக்குக் குறுக்கே ஓடும் அரிய நிலை ஒன்றும் உண்டு. பனிக்குடம் உடையும்போது அவையும் அறுந்தால் குழந்தை நிமிடங்களில் இறந்துபடும். 2004-இல் வெளியான ஆய்வில் அத்தகைய 155 கருவுறுதல்களை ஆராய்ந்தனர். முன்கூட்டியே ஸ்கேனில் கண்டறிந்த குழந்தைகளில் 100-க்கு 97 பிழைத்தன. கண்டறியாதவற்றில் 44 மட்டுமே பிழைத்தன. இளங்கொடியின் சோதனை எவ்வளவு பெறுமதியுடையது என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கை நாம் அறியோம்.

ஆனால் படத்தை முழுதும் நம்பி ஏமாறும் இடமும் ஒன்றுண்டு. சரியான இடத்திலேயே அமைந்த இளங்கொடி, பேற்றுக்கு முன்பே சுவரிலிருந்து பிரிந்துவிடுவது அது. இரத்த அழுத்தம் மிகுந்த தாய்மாருக்கும், வயிற்றில் அடிபட்டவர்களுக்கும் நேரலாம். வயிறு மரக்கட்டைபோல இறுகும், வலி நிற்காது. குருதி உள்ளேயே தேங்கி வெளியே சிறிதளவே தெரியலாம். அல்லது தெரியாமலும் இருக்கலாம். இதில் ஸ்கேன் பாதிக்கு மேற்பட்ட வேளைகளில் ஒன்றும் காட்டுவதில்லை. "ஸ்கேனில் ஒன்றுமில்லை" என்று வீட்டுக்குத் திரும்பலாகாது. இங்கே தாயின் வயிறும் வலியும் சொல்வதையே கேட்கவேண்டும்.

அறைக்கதவில் தொங்கும் பலகை

இளங்கொடி முன்புறம் இருந்தால் பெண், பின்புறம் இருந்தால் ஆண் என்று ஒரு கதை நம் ஊர்களில் உலவுகிறது. முற்றிலும் பொய். முன்புறச் சுவர், பின்புறச் சுவர் இரண்டுமே இயல்பான இடங்கள். கருவின் பாலுக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. ஆயினும் அறிக்கையை வாங்கியதும் முதலில் அந்த வரியைத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். எதைத் தேடுகிறார்கள் என்பது நமக்குத் தெரியாததன்று.

நாமக்கல் 1997 வரை சேலம் மாவட்டத்தின் பகுதி. பிறந்த பெண்மகவைக் கொன்றுவிடும் கொடுமை காரணமாக 1992-இல் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியதும் அந்தச் சேலத்தில்தான். கருவிலேயே பால் அறிந்து அழிப்பதைத் தடுக்க 1994-இல் மைய அரசு சட்டம் இயற்றியது. 2003-இல் அது மேலும் கடுமையாக்கப்பட்டது. ஸ்கேன் பொறி ஒவ்வொன்றும் பதிவு பெறவேண்டும். ஒவ்வொரு தாய்க்கும் படிவம் நிரப்பவேண்டும். பால் கூறப்படாது என்ற அறிவிப்பு எழுதித் தொங்கவேண்டும். எடுத்துச் செல்லக்கூடிய சிறு பொறிகளுக்கும் 2012-இல் கட்டுப்பாடு வந்தது: பதிவு பெற்ற இடத்திற்குள்ளேயோ, பலவகைச் சிகிச்சை தரும் நடமாடும் மருத்துவ வண்டியிலோதான் அவற்றைப் பயன்படுத்தலாம். நல்லெண்ணம் கொண்ட மருத்துவர் ஒருவர் பையில் ஒரு பொறியைப் போட்டுக்கொண்டு அரியூர் நாட்டுக்கோ குண்டூர் நாட்டுக்கோ ஏறிப் பார்த்துவிட முடியாது.

இதில் மலைமக்களுக்கு நேரும் இழப்பை நாம் எண்ணிப் பார்த்தோம். பெண்ணுக்கு மணமகன் வீட்டார் பரிசம் கொடுக்கும் வழக்கமுள்ள பழங்குடியினர் அவர்கள். பெண்மகவைச் சுமையாகக் கருதியது கீழே உள்ள நாம். நம் பாவத்திற்கான பூட்டு அவர்கள் கதவிலும் தொங்குகிறது. அந்தச் சட்டம் தேவையில்லை என்று நாம் சொல்லமாட்டோம். பூட்டைத் தளர்த்தினால் யார் முதலில் நுழைவார்கள் என்பதை நாமறிவோம். சட்டம் இடந்தரும் நடமாடும் வண்டிகள் மேலும் அடிக்கடி மலையேறுமானால் பேருதவியாயிருக்கும்.

எங்கே காத்திருப்பது?

இளங்கொடி கீழே இருப்பதை அறிந்தாயிற்று. பிறகு? இதற்கு விடை ஸ்கேன் பிறப்பதற்கு முன்பே கிடைத்துவிட்டது என்பது வியப்பு. அயர்லாந்துத் தீவின் பெல்ஃபாஸ்ட் நகர மருத்துவர் மக்காஃபி 1945-இல் 174 தாய்மாரைப் பற்றிய தம் ஆய்வை வெளியிட்டார். முதல் உதிரப்போக்கு கண்டவுடன் குழந்தையை எடுத்துவிடுவதே அதுவரை வழக்கம். குறைமாதக் குழந்தைகள் மடிந்தன. மக்காஃபி காத்திருந்தார், குழந்தை முதிரும்வரை தாயைப் படுக்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டார். இறப்பு பெரிதும் குறைந்தது. ஆனால் அவர் ஒரு நிபந்தனையில் விட்டுக்கொடுக்கவில்லை: குருதியும் அறுவை அரங்கும் இருக்கும் இடத்திலேயே காத்திருக்க வேண்டும்.

கொல்லிமலையின் கதையில் இந்த நிபந்தனைதான் முட்கிளை. 1913 முதல் இம்மலையில் வாழ்ந்து மருத்துவப்பணி செய்த ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட் தம்பதியர் காலத்தில் சாலையே இல்லை. குதிரையிலோ டோலியிலோதான் பயணம். அவர்களுடைய மகன் பால் பிராண்ட் 1914-இல் பிறந்து, இம்மலையில் வளர்ந்து, பின்னாளில் வேலூரில் தொழுநோயாளரின் கைகளைச் சீர்செய்து உலகப்புகழ் பெற்றார். ஜெஸ்ஸி 1929-இல் காய்ச்சலால் மலையிலேயே இறந்தார். பிராண்ட் தம்பதியர் சீர்திருத்த சபையினர். அக்காலத்தில் நம் துறவற சகோதரிகளுக்குப் பேறு பார்க்க அனுமதியே இல்லை என்பதும் இங்கு நினைவுக்கு வருகிறது. 1936-இல்தான் உரோமை அந்தத் தடையை நீக்கிற்று.

இன்று சாலை உண்டு. 2008 முதல் தமிழ்நாட்டில் 108 வண்டி உண்டு. 2011 முதல் அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிக்கு ஸ்கேன், குருதி, போக்குவரத்து யாவும் கட்டணமின்றிக் கிடைக்கவேண்டும் என்ற திட்டம் உண்டு. 2022 சனவரியில் நாமக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது. தமிழ்நாட்டில் இலட்சம் பேறுகளுக்கு 2001-03-இல் 134 ஆக இருந்த தாய்மார் இறப்பு 2018-20-இல் 54 ஆகக் குறைந்ததில் இவற்றுக்கெல்லாம் பங்குண்டு. ஆனால் வளைவுகளின் எண்ணிக்கை எழுபதுதான். மழை நாளில், இரவில், நிமிடந்தோறும் குருதியை இழக்கும் ஒரு பெண்ணை அந்த வளைவுகளில் இறக்குவதை அந்தச் செவிலியர் ஒருமுறை செய்திருக்கிறார். பிழைத்தாரா என்று நாம் கேட்டோம். "அம்மா பிழைச்சாங்க" என்றார். அதற்குமேல் நாம் கேட்கவில்லை.

நாள் நெருங்கிய தாய்மார் முன்கூட்டியே வந்து, துணைக்கு ஒருவருடன் தங்கியிருக்கும் அறைகள் தமிழ்நாட்டின் மலைப்பகுதிச் சுகாதார நிலையங்கள் சிலவற்றில் உள்ளன. மிக நல்ல ஏற்பாடு. ஆனால் வாயிலை மூடிய இளங்கொடியுடன் இருப்பவர் தங்கவேண்டியது மலைமேல் உள்ள அறையிலன்று. கீழே, அறுவை அரங்கின் அருகில். 36, 37 வாரங்களில் நாள் குறித்து அறுவை செய்வார்கள். ஊன்றியிருக்குமானால் 34-க்கும் 36-க்கும் இடையிலேயே, பல துறை மருத்துவர்கள் கூடியுள்ள சேலம் போன்ற பெரிய மருத்துவமனையில் செய்யவேண்டும். ஆகவே நான்கைந்து வாரங்கள் வீட்டை விட்டிருக்க வேண்டும்.

இதைச் சொன்னதும் மாமியாரின் முகம் இருண்டது. மிளகு பறிக்கும் காலம். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். மூன்று வயதுப் பேத்தியை யார் பார்ப்பது? இரண்டு ஆடுகள் வேறு. கீழே தங்குவதற்கு யார் இருக்கிறார்கள்? "சாமி பாத்துக்கும்ங்க" என்றார். செவிலியர் அவர் கையைப் பற்றிக்கொண்டு, தரையில் சுண்ணக்கட்டியால் ஒரு குடுவையை வரைந்தார். குடுவையின் வாயில் ஒரு அடையை வரைந்து மூடினார். "பிள்ளை எந்த வழியா வரும், சொல்லு அத்தை?" என்று கேட்டார். மாமியார் அந்தப் படத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பல்லாயிரம் எதிரொலிகளைக் கூட்டிப் பொறி வரைந்த படம் மஞ்சள் பையிலேயே இருந்தது; அவருக்கு விளங்கியது சுண்ணக்கட்டிப் படம்தான்.

"அந்தப் பழைய படத்தையும் எடுத்துட்டு வந்துடறேன்" என்று அவர் எழுந்தார்.

மறுநாள் காலைப் பேருந்தில் நாமும் இறங்கினோம். சேந்தமங்கலத்தில் உள்ள தம் ஒன்றுவிட்ட தங்கை வீட்டில் தங்கவைக்கச் செவிலியரே பேசி முடித்திருந்தார். ஓட்டுநருக்குப் பின்னிருந்த இருக்கையை நடத்துநர் ஒழித்துக் கொடுத்தார். கர்ப்பிணி பேசவே இல்லை. பேத்தியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு மாமியாரும் வந்திருந்தார். ஆடுகளை என்ன செய்தார் என்று கேட்க நமக்குத் துணிவில்லை. ஒவ்வொரு வளைவிலும் அந்த அம்மாள் மருமகளின் வயிற்றுக்குக் குறுக்கே தம் கையை நீட்டிக் காத்துக்கொண்டே வந்தார். காரவள்ளி வந்ததும்தான் கையை எடுத்தார்.

நாம் இதை எழுதும் நாளில் அவருக்கு 35-ஆம் வாரம். சேலத்தில் டாப்ளர் சோதனை நடந்திருக்கிறது. இளங்கொடி தழும்பில் ஊன்றவில்லை என்று தெரிந்ததாகச் செவிலியர் தொலைபேசியில் கூறினார். அறுவைக்கு நாள் குறித்தாயிற்று. இரண்டு பாட்டில் குருதி வேண்டுமாம். திருப்பூரிலிருந்து கணவர் வந்துவிட்டார்.